மாதப் பெட்டி

லிப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெரிய பொதிகள் ஏற்றக் கூடாது. கீழே முகாமைத்துவக் குழுவின் ஒப்பம். இரண்டு பெரிய பொதிகளுடன் அவள் தாளுக்கு முன்னால் நிற்கிறாள். லிப்ட் வருகிறது. பொதிகள் ஏறுகின்றன. தாளின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஐந்தாம் இலக்கத்தை அழுத்துகிறாள்.

வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கழுத்தில் இன்னும் அலுவலக அடையாள அட்டை தொங்குகிறது.

ஐந்தாம் தளத்தில் கதவு திறந்தே இருக்கிறது. அம்மா வாசலில்.

"மஹரகமையோ?"

"பமுணுவ."

"பஸ்ஸிலையோ வந்தனீ?"

"ஓட்டோவிலை."

"எவ்வளவு எடுத்தவன்?"

பதில் இல்லை. பொதி மட்டும் உள்ளே போகிறது.

சாப்பாட்டு மேசை துடைக்கப்படுகிறது. ஊறுகாய்ப் போத்தலும் தட்டை வடை டின்னும் மருந்துப் பெட்டியும் குசினித் தட்டுக்கு இடம்பெயர்கின்றன. முன்பு கணக்கியல் பரீட்சைக்குப் படித்த தடித்த புத்தகம் மேசையின் ஆடும் காலுக்குக் கீழே இருக்கிறது. மேசை இப்போது ஆடுவதில்லை.

பொதி அவிழ்கிறது. டொப். குர்த்தா. நீளக் கைச் சேர்ட். லினன் காற்சட்டை. ஒவ்வொன்றின் கழுத்திலும் பாதி லேபல். வெட்டியவருக்கு அவசரம். கம்பனியின் பெயர் போய்விட்டது. 'மேட் இன் ஸ்ரீ லங்கா' மட்டும் தப்பியிருக்கிறது.

அவள் ஒவ்வோர் உடுப்பையும் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறாள். கட்டைவிரல் தையலின் மேல் ஊர்கிறது. அக்குளில் நிற்கிறது. மறுபடி ஊர்கிறது. ஒரு பொத்தான் இல்லை. ஒரு கையின் மடிப்பு மற்றக் கையை விட அரை அங்குலம் கூட. ஒரு குர்த்தாவின் முதுகில் எண்ணெய்ப் புள்ளி, எறும்பளவு.

மூன்று குவியல்கள் எழும்புகின்றன. நல்லது ஒன்று. கொட்டாஞ்சேனைத் தையல்காரரிடம் போவது ஒன்று. மூன்றாவதுக்குப் பெயர் இல்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்து அம்மா தன் தோளில் வைத்துப் பார்க்கிறார்.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கிறது. அதற்குப் பிறகு இந்த நாட்டின் தைத்த உடுப்புகள் கப்பல் ஏறுகின்றன. நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதி இன்று அதுதான். கப்பலைத் தவறவிட்டவை பமுணுவைக்கு வருகின்றன, புறக்கோட்டைக்கு வருகின்றன. ஓடர் ரத்தானவை, நிறம் ஒரு சாயல் பிசகியவை, கூடுதலாகத் தைத்தவை. லண்டனில் தொங்கவேண்டிய சேர்ட் மஹரகம நடைபாதையில் தொங்குகிறது. காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு அச்சுப்படம். ஒட்டாரா குணவர்தன. 1980களின் இறுதி, கொழும்பு. ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளைக் காரின் டிக்கியில் வைத்து அவர் சிநேகிதிகளுக்கு விற்கிறார். 1989இல் அது ஓடெல் ஆகிறது. 2010இல் பங்குச் சந்தைக்கு வருகிறது. 2014இல் சொஃப்ட்லொஜிக் அதை வாங்குகிறது. படத்தின் மூலையில் பேனையால் ஒரு சொல்: 'டிக்கி.'

இந்த வீட்டில் கார் இல்லை.

பல்கனியின் கிழக்கு மூலையில் நின்றால் ஹவ்லொக் சிட்டியின் கோபுரங்கள் தெரிகின்றன. முன்பு அந்த நிலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்றது. பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வந்த இடம். இப்போது அங்கே கடைத்தொகுதி இருக்கிறது. துணியும் இருக்கிறது, விலைச் சீட்டுடன். அவள் பல்கனிக்குக் கோபுரம் பார்க்கப் போவதில்லை. அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கொடிக்கம்பியில் குர்த்தாவை மாட்டிப் படம் எடுக்கிறாள். பின்னணியில் அயலாரின் பெட்ஷீட் விழுகிறது. இன்னொரு படம். காகம் விழுகிறது. இன்னொரு படம்.

மடிகணினியில் ஒரு காணொளி நிறுத்தப்பட்டிருக்கிறது. 2017 நவம்பர், நாஸ்டாக் பங்குச் சந்தை. மேடையில் கத்ரினா லேக். இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தை. 2011இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டே அவர் தொடங்கிய ஸ்டிச் ஃபிக்ஸ் அன்று பங்குச் சந்தை ஏறுகிறது. அன்றைய பெட்டிக்குள் ஐந்து உடுப்பு. பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பலாம். தெரிவு செய்து தருவதற்கு மட்டும் 20 டொலர்.

அதே தொழிலில் இறங்கிய ட்ரங்க் கிளப்பை 2014இல் நோர்ட்ஸ்ட்ரொம் வாங்குகிறது. விலை 35 கோடி டொலர் என்று செய்தி. 2022இல் இழுத்து மூடுகிறது. இந்தப் பகுதி காணொளியில் இல்லை.

இருபது டொலர் என்றால் ஆறாயிரம் ரூபா. அவளுடைய மாதப் பெட்டியின் விலை 6,900 ரூபா. இரண்டு உடுப்பு, ஒரு சின்னச் சாமான். தெரிவுக் கட்டணம் என்று ஒரு வரி கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு.

கூகுள் படிவம் ஒன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பதில்கள் வருகின்றன.

அளவு: மீடியம், கொஞ்சம் பெரிசா.

அளவு: லார்ஜ், ஆனால் பார்க்க மீடியம் மாதிரி.

விரும்பும் நிறம்: எதுவும் சரி. விரும்பாத நிறம்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, 'அந்த மாதிரி நாவல் நிறம்'.

எங்கே அணிவீர்கள்: ஒஃபிசுக்கும் கோவிலுக்கும். இன்னொருத்தி: ஒஃபிஸ், சேர்ச், கலியாணவீட்டுக்கு முதல்நாள்.

கை: நீளம். இன்னொன்று: முக்கால். இன்னொன்று: அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அனுப்பியவளுக்கு முப்பது வயதுக்கு மேல்.

கடைசிக் கேள்வி: உங்களுக்காக நாங்கள் தெரிவு செய்வது சம்மதமா? பன்னிரண்டு பேரும் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார்கள்.

25ஆம் திகதி. சம்பள நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலுவலகப் படிக்கட்டில், இரண்டு தளங்களுக்கு நடுவே அவள் நிற்கிறாள். போனில் பன்னிரண்டு செய்திகள் போகின்றன. எல்லாம் ஒரே செய்தி, பெயர் மட்டும் வேறு. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிகிற ஏற்பாடு பற்றி முதல் மாதம் கேட்டிருந்தாள். பன்னிரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. 'நானே போட்டு ஸ்லிப் அனுப்புறன்.'

ஸ்லிப்புகள் வருகின்றன. ஒன்று தெளிவு. ஒன்று மங்கல். ஒன்றில் விரல் விழுந்திருக்கிறது. ஒன்று போன மாதத்து ஸ்லிப். அவள் அதைப் பெரிதாக்கித் திகதியைப் பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். 'அக்கா, இது பழசு போல' என்று எழுதுகிறாள். அழிக்கிறாள். 'அக்கா, வங்கியில் இன்னும் காட்டேல்லை' என்று எழுதி அனுப்புகிறாள். பக்கத்தில் கைகூப்பும் படம்.

இரவு எட்டரை. மேசையில் மட்டைப் பெட்டிகள் விரிந்து கிடக்கின்றன. மடிக்கிறாள். கீழ்ப்பக்கத்துக்கு பிரவுண் டேப். டேப்பின் நுனி தொலைந்துபோகிறது. நகத்தால் சுரண்டித் தேடுகிறாள். அம்மா டேப்பை வாங்கி, ஒரு தீக்குச்சியை நுனியில் ஒட்டித் திருப்பிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு நுனி தொலைவதில்லை.

மடிப்பது அம்மாவின் வேலை. குர்த்தாவைக் குப்புறப் போடுகிறார். கைகளை முதுகுக்கு மடிக்கிறார். நடுவில் ஒரு தாள், அதன் மேல் மடிப்பு. உள்ளங்கையால் ஒரு தடவு. யாழ்ப்பாணத்தில் இஸ்திரிப்பெட்டி சூடாகாத காலத்துத் தடவு. சுருக்கம் படுத்துவிடுகிறது.

மெல்லிய தாள். நன்றி அட்டை, கையெழுத்தில். ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஆங்கிலத்தில் வியாபாரத்தின் பெயர். அம்மா அதைக் கண்ணாடி போட்டு வாசிக்கிறார்.

"தமிழிலை என்ன பிள்ளை இது?"

"பெயரம்மா. பெயருக்கு என்ன தமிழ்."

அம்மா ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஒட்டுப்பொட்டுப் பட்டையை வைக்கிறார். யாரும் சொல்லவில்லை. அவள் முகவரிகளைப் பார்க்கிறாள். நான்கு பெட்டிகளிலிருந்து பொட்டை எடுக்கிறாள். ஒன்று ஜம்பட்டா வீதி, ஒன்று கொச்சிக்கடை, இரண்டு தெமட்டகொட.

"அப்ப அவைக்கு என்ன வைக்கிறது?"

அம்மா எழும்பிப் போகிறார். பூட்டூசிக் கட்டுடன் வருகிறார். நான்கு பெட்டிக்கும் ஆறு ஆறு ஊசி.

மறுநாள் காலை ஏழரை. கீழே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம். போன் ஒலிக்கிறது.

"மிஸ், கூரியர்."

"பொட்டக் இன்ன மல்லி."

பெடியன் பொறுக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவனுடைய சிவப்புப் பைக்குள் ஏற்கெனவே பிரஷர் குக்கர் ஒன்று, குழந்தைச் சப்பாத்துப் பெட்டி ஒன்று, நீளமாக என்னவோ ஒன்று. லிப்ட் கீழே வருகிறது. மட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு கால்கள். காவலாளி ஐயா கதவைப் பிடிக்கிறார். அவரும் தாளின் பக்கம் பார்ப்பதில்லை. போன மாதம் அவருடைய மகளுக்கு ஒரு டொப் போயிருக்கிறது.

போயா தினத்தில் கூரியர் வருவதில்லை. அதை அவள் இரண்டாம் மாதம் கண்டுபிடிக்கிறாள். பன்னிரண்டு பெட்டிகளும் அன்று முழுவதும் சோபாவில் உட்கார்ந்திருக்கின்றன. வந்த விருந்தாளி கதிரையில் உட்காருகிறார்.

செய்திகள்.

'தங்கச்சி, இந்த மாசம் என்ன நிறம்?'

'சப்ரைஸ் அக்கா.'

'சரி சரி. நிறத்தை மட்டும் சொல்லும்.'

இன்னொன்று. 'பிள்ளை, சப்ரைஸ் நல்லதுதான். ஒருக்காப் படத்தை அனுப்பிவிடும் பாப்பம்.'

இன்னொன்று, குரல் பதிவு. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. பின்னணியில் 100 இலக்க பஸ்ஸின் நடத்துநர் பாணந்துறை, பாணந்துறை என்று கூவுகிறார். சாரம்: படம்.

மூன்றாம் மாதத்தில் எல்லோருக்கும் படம் போகிறது. இரண்டு படங்கள் போகின்றன, ஒன்றைத் தெரிவு செய்வதற்கு. பிறகு நான்கு. இரவு பதினொரு மணிக்கு யாரோ கேட்கிறார்கள்: 'இரண்டாவதிலை உள்ள கழுத்து, நாலாவதிலை உள்ள துணியிலை வருமோ?'

மட்டைப் பெட்டியில் அச்சடித்த ஆங்கில வாசகம் அப்படியே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று ஊகியுங்கள் என்கிறது அது.

ஞாயிறு. மட்டக்குளி போகும் 155 இலக்க பஸ். யன்னலோர இருக்கை. மடியில் ஒரு பை. பம்பலப்பிட்டி கழிகிறது, மருதானை கழிகிறது. கொட்டாஞ்சேனையில் இறங்குகிறாள். கூரைகளுக்கு மேலே புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். பூசை முடிந்த கூட்டம் வெளியே வருகிறது. எல்லோரும் நல்ல உடுப்பில். அவள் நடையைக் குறைக்கிறாள். கண்கள் முகங்களில் நிற்பதில்லை. கழுத்து வெட்டு, கை நீளம், இடுப்புச் சுருக்கு.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. கதவு அகலமேயான கடை. சுவரில் அந்தோனியார், பக்கத்தில் முருகன், நடுவில் போன வருடத்துக் கலண்டர். கீழே கறுப்பு சிங்கர். தங்க எழுத்தில் 'ங்கர்' மிச்சம்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். முழுப் பணம் இல்லாதவர்களுக்கும் மெஷினைக் கொடுத்து, மாதாமாதம் கட்ட வைத்து, தவணை முறையை உலகெங்கும் பரப்பிய கம்பனி அது. தையல்காரரின் லாச்சிக்குள் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒப்பம். கட்டி முடித்தவர் அவருடைய அம்மா. அட்டைக்கு மேலே ஊசிப் பெட்டி, அதற்கு மேலே ரசீதுக் கட்டு.

அவர் குர்த்தாவை வாங்குகிறார். உள்பக்கம் வெளியே வரத் திருப்புகிறார். பக்கத் தையலை இரு பெருவிரலுக்கும் நடுவே பிடித்து விரிக்கிறார். ஓவர்லொக் நூல் விளிம்போடு ஓடுகிறது. அதற்கு அப்பால் துணி இல்லை.

"விடுறதுக்கு ஒண்ணுமில்ல மகள்."

"கொஞ்சமாவது, ஐயா?"

"சிறுசாக்கச் சொன்னா ஆக்கலாம். பெருசாக்க அந்தோனியார்தான் வரணும்."

அவள் அடுத்ததைக் கொடுக்கிறாள். அதே திருப்பல். அதே விரிப்பு. அதற்கு அடுத்தது. ஐந்து குர்த்தாவும் மீடியம். ஐந்தும் 'மீடியம், கொஞ்சம் பெரிசா' வீடுகளுக்குப் போய்த் திரும்பியவை. தொழிற்சாலைக்காரர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட வீணாக்குவதில்லை. ஊர்த் தையல்காரர் உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் தைப்பார். தீபாவளிக்குத் தைத்தது அடுத்த தீபாவளிக்கும் வரவேண்டும் என்று.

அவர் மெஷினை விட்டு எழும்புகிறார். மேலே தட்டில் துணிமூட்டை. அதிலிருந்து ஒரு துண்டு கைத்தறி, மாம்பழ மஞ்சள். குர்த்தாவின் நீலத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வாசலால் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

"பட்டி வச்சிடுவோமா? ரெண்டு பக்கமும். அக்குள்லருந்து கீழ வரைக்கும்."

"ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியாதா?"

"ஒட்டு ஒரு பக்கம் இருந்தாத்தான் ஒட்டு. ரெண்டு பக்கமும் இருந்தா டிசைன்."

கத்தரிக்கோல் ஓடுகிறது. தையல் பிரிகிறது. மஞ்சள் பட்டி உள்ளே நுழைகிறது. பாதம் மிதிக்கிறது. மிதி, நிறுத்து, திருப்பு, மிதி. அவள் வாசல் ஸ்டூலில் இருக்கிறாள். சந்துக் கடை தேநீர் வருகிறது. கண்ணாடிக் குவளையில், பக்கத்தில் ஒரு துண்டு சீனி முட்டாசி. நூல் முடிகிறது. புதுக் கட்டையை மாட்டுகிறபோது அவர் அதன் விலையைச் சொல்கிறார். 2022க்கு முன்னிருந்த விலையையும் சொல்கிறார். டொலர் 200இலிருந்து 360க்கு ஏறிய மாதங்களில் கூடிய நூல் விலை, டொலர் 300க்கு இறங்கியபோது கூடவே இறங்கவில்லை. அவர் முறையிடவில்லை. விலையைச் சொல்கிறார், அவ்வளவுதான். கூலி எவ்வளவு என்று அவள் கேட்கிறாள். விலை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை படம் போகிறது. நீலக் குர்த்தா, மஞ்சள் பட்டி.

'இது எந்த பிராண்ட்?'

'இதிலை எனக்கு ஒண்டு.'

'பட்டி வைச்சது இன்னும் இருக்கோ?'

திருப்பி அனுப்பியவளே திரும்பக் கேட்கிறாள்.

பிரதேச செயலகம், திம்பிரிகஸ்யாய. வணிகப் பெயர்ப் பதிவு. கிராம சேவகரின் அத்தாட்சி, அடையாள அட்டை, இடத்துக்கான ஆதாரம். இடம் வாடகை பிளாட். சொந்தக்காரர் டொரொண்டோவில். கடிதம் கேட்டு ஒரு செய்தி போகிறது. கடிதத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது: 'வீட்டுக்குள்ளை என்ன மெஷின் வைச்சிருக்கிறீர்?' பிறகு இன்னொரு செய்தி, அவருடைய மனைவியிடமிருந்து: 'கனடாவுக்கு அனுப்புவீரோ?'

இரவுச் செய்தி. அம்மா ஒலியைக் கூட்டுகிறார். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு அறிவித்த 44 வீத வரி, ஆகஸ்டில் 20 வீதமாகக் குறைந்திருக்கிறது. திரையில் தொழிற்சாலை வரிசைகள், குனிந்த தலைகள். பிறகு ஒரு அதிகாரி, பிறகு இன்னொருவர். அவள் மேசையில் லேபல் மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். கை நிற்கிறது.

"அப்ப ஓடர் குறைஞ்சால் உனக்கு மலிவா வருமோ?" என்கிறார் அம்மா.

"ஓடர் குறைஞ்சால் தைக்கவே மாட்டினம் அம்மா."

விளம்பரம். சவர்க்காரம்.

திரும்பிய பெட்டிகளுக்கு முதலில் அலுமாரியின் கீழ்த்தட்டு. பிறகு கட்டிலுக்குக் கீழே. பிறகு பூசை அறைக் கதவுக்குப் பின்னால். அம்மா வீட்டில் லினன் காற்சட்டை போடுவதில்லை. ஆனால் லினன் சேர்ட் ஒன்று சட்டைக்கு மேல் ஏறியிருக்கிறது, 'குசினிக்கு நல்லது' என்று. கொப்பியில் பன்னிரண்டு பெயர்கள். மூன்றின் மேல் கோடு. ஒன்றின் பக்கத்தில் கேள்விக்குறி. கேள்விக்குறிக்காரியின் கடைசிச் செய்தி: 'அடுத்த மாசம் பாப்பம் தங்கச்சி, பிள்ளையளுக்கு ஸ்கூல் வான் காசு கூட்டிட்டினம்.'

மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி. அம்மாவின் சீட்டு. கட்டடத்துப் பெண்கள் வருகிறார்கள். நாலாம் மாடி அக்கா, மூன்றாம் மாடி ரீச்சர், எதிர்க் கதவு மாமி. ஆளுக்குப் பத்தாயிரம். அம்மாவிடம் படிவம் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, செயலகப் பதிவு இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. பெயர், இலக்கம், சரி அடையாளம். பெற்றோல் வரிசை ஒழுங்கையைச் சுற்றி வளைத்த 2022இலும் எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளம் இருக்கிறது.

பெண்கள் காசைக் கொடுக்கிறார்கள். உட்கார இடம் தேடுகிறார்கள். சோபாவில் உடுப்பு. தள்ளிவைக்கக் கை போகிறது. கை திரும்பி வரவில்லை.

நாலாம் மாடி அக்கா துணியைக் கசக்கிப் பார்க்கிறார். விடுகிறார். சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கிறார். ரீச்சர் தையலைத் திருப்புகிறார், கொட்டாஞ்சேனைத் தையல்காரர் போலவே. மாமி ஒரு குர்த்தாவை எதிர்க் கதவு வீட்டுக்குக் கொண்டுபோய், போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்.

"எப்பிடி?"

எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். யாருக்கும் படம் தேவைப்படவில்லை.

அவள் அறை வாசலில் நிற்கிறாள். கையில் டேப். தீக்குச்சி நுனியில்.

இரண்டு கிழமை கழிந்து புதுக் கொப்பி வருகிறது. சீ.ஆர். அதேதான். மேலே அம்மாவின் கையெழுத்தில்: உடுப்புச் சீட்டு. கீழே பன்னிரண்டு பெயர்கள். பழைய பட்டியலில் இருந்து ஐந்து, கட்டடத்திலிருந்து ஆறு. பன்னிரண்டாவது காவலாளி ஐயாவின் மனைவி. ஆளுக்கு மாதம் 2,000. சீட்டு விழுகிறவருக்கு அந்த மாதம் 24,000 ரூபாவுக்கு உடுப்பு. வந்து, தொட்டு, போட்டுப் பார்த்து எடுக்கலாம். தீபாவளிக்கு முந்திய மாதம் யாருக்கு என்று எல்லோருக்கும் கவலை.

தீபாவளிக்கு முந்திய மாதம். பன்னிரண்டு தாள் துண்டுகள். சுருட்டி எவர்சில்வர் டம்ளருக்குள். மூன்றாம் மாடி ரீச்சரின் பேரப்பிள்ளைக்கு நான்கு வயது. கையை விடுகிறான். இரண்டு துண்டு வருகிறது. ஒன்றைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். எதைப் போடுவதென்று பெண்கள் வாக்குவாதப்படுகிறார்கள். அவன் ஒன்றை வாயில் வைக்கிறான். அது கழிக்கப்படுகிறது. மற்றது விரிக்கப்படுகிறது.

நாலாம் மாடி அக்கா.

கைதட்டு. தட்டை வடைத் தட்டு சுற்றுகிறது. சோபா முழுவதும் உடுப்பு, நிறவாரியாக. அவள் காலையிலிருந்து அடுக்கியது. பல்கனிக் கதவு திறந்திருக்கிறது, வெளிச்சத்துக்காக.

நாலாம் மாடி அக்கா சோபாவைப் பார்க்கிறார். வடையைக் கடிக்கிறார். மென்று முடிக்கிறார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். எனக்கு இதைக் காசாத் தரேலுமோ?"

அவள் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா கொப்பியைப் பார்க்கிறார்.

"சீட்டெண்டால் காசுதானே" என்கிறார் மாமி.

"இது உடுப்புச் சீட்டு மாமி."

"ஓம், உடுப்புச் சீட்டுத்தான். ஆனா சீட்டுத்தானே."

போனில் கணிப்பான் திறக்கிறது. விரல் தட்டுகிறது. அழிக்கிறது. தட்டுகிறது. ரீச்சர் எட்டிப் பார்க்கிறார்.

"பதினையாயிரம் காசு. மிச்சத்துக்கு உடுப்பு."

"பட்டி வைச்சது இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சரி" என்கிறார் அக்கா. "ஆனா மஞ்சள் எனக்கு எடுக்காது. வேறை பட்டி வைச்சுத் தரச் சொல்லும்."